உப்பளத்தோர வண்டி

இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்றது வண்டிக்குள் இருந்த கம்ப்யூட்டர். பின்னால் நின்றிருந்த எனக்கோ பெட்ரோல் வாடையில் கண் எரிந்தது. மெக்கானிக் சைலன்சர் வாயில் விரலை விட்டு எடுத்தார். கண்மை போலக் கரி ஒட்டிக்கொண்டு வந்தது. பெட்ரோல் குறைவாகப் போகும் வண்டியில் இவ்வளவு கரி படியாது. இரண்டில் ஒன்று தப்பாக இருக்க வேண்டும்.

கேளம்பாக்கத்தில் வண்டலூர் சாலையோரம் இருக்கும் ஒரு சின்ன ஷெட் அது. வந்திருந்தது எட்டு வருஷம் ஓடிய பெட்ரோல் பிக்கப்: நாலு சிலிண்டர், 1.2 லிட்டர், பி.எஸ். 4 காலத்து வண்டி. விடியற்காலையில் கோவளத்தில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டுத் தாம்பரம், சேலையூர் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் அதற்குத் தினப்படி வேலை. இந்தப் பக்கம் ஓடும் சின்னச் சரக்கு வண்டிகளில் டீசல்தான் அதிகம். 2005ல் வந்த குட்டியானையும் இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோடுதான் வந்தது. அந்தப் பழைய டீசல் வண்டிகளில் நாம் பேசப் போகிற புகைக்குழாய் சென்சாரே கிடையாது. பெட்ரோலிலோ சி.என்.ஜி.யிலோ ஓடும் பிக்கப்புகளுக்குத்தான் இந்தத் தலைவலி.

வண்டிக்காரர் சொன்னது இது: “ஏற்கெனவே ஒரு கடையில காட்டிட்டேன் சார். சென்சார் போயிடுச்சுன்னு புதுசு போட்டாங்க. பின்னாடி சைலன்சர்ல ஓட்டை, அதையும் வெல்டு வெச்சாங்க. நாலு நாள் இன்ஜின் லைட் எரியல. அஞ்சாம் நாள் மறுபடியும் வந்துடுச்சு. மைலேஜு பதினாலுலேர்ந்து பத்துக்கு எறங்கிடுச்சு. எஃப்.சி. வேற வருது.”

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி. காட்டியாக வேண்டும். புகைச் சோதனையும் தேற வேண்டும். பி.எஸ். 4 பெட்ரோல் வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது புகையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த வண்டி அன்றைக்கு இருந்த நிலையில் அதன் பக்கத்தில்கூடப் போயிருக்காது.

சென்சார் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால், அதற்கு என்னதான் தெரியும் என்று பார்த்துவிட வேண்டும். என் அனுபவத்தில், சென்சாரை மாற்றி மாற்றிப் பணத்தை இழக்கிறவர்கள் எல்லோரும் தவறவிட்ட கேள்வி இதுதான். இந்த சென்சாருக்குப் பெட்ரோல் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆக்சிஜன் ஒன்றுதான். அதுவும் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லாது. வெளிக்காற்றில் இருப்பதற்கும் புகைக்குள் இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் சொல்லும்.

கையில் எடுத்தால் கொஞ்சம் நீண்ட ஸ்பார்க் பிளக் போல இருக்கும். முனையில் துளையிட்ட எஃகுக் கூடு. கூட்டுக்குள், தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் வடிவில், ஆனால் அதைவிடச் சிறியதாக ஒரு பீங்கான் குமிழ். உள்ளும் புறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. குமிழின் வெளிப்புறத்தைப் புகை தொடும். உட்புறத்தில் நாம் மூச்சு விடுகிற அதே சாதாரணக் காற்று. பல சென்சார்களில் அந்தக் காற்று ஒயரின் உறைக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் நூலிழை இடைவெளி வழியாகவே உள்ளே போகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பீங்கான் என்றேன். அது சிர்கோனியா, சிர்கோனியத்தின் ஆக்சைடு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட் ஆகியவற்றோடு சிர்கான் என்ற கனிமமும் கலந்து கிடக்கிறது. ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலை அதைப் பிரித்தெடுக்கிறது. சிர்கோனியம் வருவது அத்தகைய மணலிலிருந்துதான். சிர்கோனியாவோடு சிறிது இட்ரியம் ஆக்சைடு சேர்த்துச் சுட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். இட்ரியம் போய் உட்காருகிற இடங்களில் கணக்குச் சரிக்கட்ட, பீங்கானின் படிகத்துக்குள் ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இருக்கைகள் காலியாகிவிடும். பஸ்ஸில் ஒரு சீட் காலியானால் பக்கத்தில் இருப்பவர் அதற்கு நகர்வார், அவர் இடத்துக்கு அடுத்தவர் நகர்வார். அப்படி ஆக்சிஜன் அயனிகள் இருக்கை விட்டு இருக்கை தாவிப் பீங்கானைக் கடந்துவிடும். ஆனால் சூடு வேண்டும். 300 டிகிரிக்குக் கீழே பீங்கான் வெறும் பீங்கான்தான். அதனால்தான் குமிழுக்குள் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மன் விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் 1897ல் இதே வகைப் பீங்கான் குச்சியில் மின்சாரம் பாய்ச்சி விளக்கு எரித்தவர். அதற்கு 8 வருஷம் முன்பே, 1889ல், இரண்டு பக்கமும் செறிவு வேறுபட்டால் எவ்வளவு வோல்ட் பிறக்கும் என்பதற்கான சமன்பாட்டையும் எழுதிவிட்டார். அதை வைத்து நம் பிக்கப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பீங்கான் 600 டிகிரியில் இருக்கிறது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். புகையில் எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜன் 1 சதவீதம் என்றால், கிடைப்பது 0.06 வோல்ட் மட்டும். பெட்ரோல் கொஞ்சம் கூடிவிட்டால், இருக்கிற ஆக்சிஜனைப் பிளாட்டினத்தின் மேலேயே மற்ற வாயுக்கள் பிடித்துத் தின்றுவிடும். மிஞ்சுவது காற்று அழுத்தத்தில் பத்து லட்சம் கோடி கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குப் போய்விடும். அப்போது வோல்ட் 0.84. நடுவில் படிப்படியான ஏற்றம் இல்லை. கிணற்றுச் சுவர் போலச் செங்குத்து. 0.1க்குப் பக்கத்தில் இருந்தால் ஆக்சிஜன் மிஞ்சுகிறது, 0.9க்குப் பக்கத்தில் இருந்தால் மிஞ்சவில்லை. சென்சாரின் அகராதியில் மொத்தம் இரண்டே சொற்கள்.

1976ல் பாஷ் நிறுவனத்தின் சென்சார் வால்வோ காரில் முதன்முதலாகச் சாலைக்கு வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் பிளாட்டினத்தை மூடிக் கெடுத்துவிடும் என்பதால், ஈயம் போகாமல் இந்தத் தொழில்நுட்பம் எந்த ஊருக்கும் வர முடியாது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில்.

இரண்டே சொல் தெரிந்த சென்சாரை வைத்து என்ன செய்ய முடியும்? நிறைய. புகைக்குழாயில் அடுத்ததாக வரும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் இருக்கிறது. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து முடிக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரிக்க ஆக்சிஜன் இருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டும் நடக்க வேண்டுமானால், 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற புள்ளியை மயிரிழை விலகாமல் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதை ஊஞ்சல் ஆட்டமாகச் செய்கிறது. சென்சார் ‘மிஞ்சுகிறது’ என்றால் பெட்ரோலைக் கூட்டும். ‘மிஞ்சவில்லை’ என்றால் குறைக்கும். நொடிக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ இந்த ஊஞ்சல் ஆடும். கன்வர்ட்டருக்குள் பூசியிருக்கும் சீரியம் ஆக்சைடு, மிஞ்சும்போது ஆக்சிஜனை வாங்கி வைத்துக்கொண்டு, குறையும்போது திருப்பித் தந்து அந்த ஆட்டத்தைச் சமன் செய்யும். (சீரியம் இருப்பது மோனசைட்டில், அதே மணவாளக்குறிச்சி மணல்.)

இனி ஷெட்டுக்குத் திரும்பலாம்.

ஷெட்டில் வேலை பார்க்கும் பையன் ஸ்கேனரைச் செருகினான். எரர் கோடு பி 0171: கலவையில் பெட்ரோல் குறைவு. அதோடு நின்றுவிடாமல் மெக்கானிக் இன்னும் மூன்று எண்களைப் படிக்கச் சொன்னார். அவர் தொழில் தெரிந்தவர் என்பது எனக்குப் புரிந்தது அப்போதுதான். கோடு என்பது தலைப்பு மட்டும். செய்தி அந்த எண்களில் இருக்கிறது. ஐடிலிங்கில், வழக்கமான அளவுக்கு மேல் 22 சதவீதம் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றில் நிறுத்தியதும் அந்த 22 மெல்ல இறங்கி 6 ஆனது. மூன்றாவது எண்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். கன்வர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் ஒன்று உண்டு. ஐடிலிங்கில் முதல் சென்சார் ‘ஆக்சிஜன் மிஞ்சுகிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இரண்டாவது 0.75 வோல்ட்டில் அசையாமல் நின்றது. அதாவது, ‘மிஞ்சவில்லை.’

ஒரே குழாய், ஒரே புகை, இரண்டு சாட்சிகள், இரண்டு வாக்குமூலம். முந்தைய கடையில் முதல் சாட்சி பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி ஆளை மாற்றினார்கள். புதிதாக வந்தவரும் அதையே சொன்னார். அப்படியானால் அவர் நிற்கும் இடத்தில் நிஜமாகவே ஆக்சிஜன் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது? புகைக்குழாயில் இருக்கும் வேறொரு ஓட்டையிலிருந்து என்றார் மெக்கானிக்.

புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று வண்டிக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்ஜினிலிருந்து புகை தண்ணீர்க் குழாயில் வருவது போல ஒரே சீராக வருவதில்லை; துடிப்புத் துடிப்பாக வருகிறது. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றினால் நொடிக்கு 26, 27 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் வேகமாக முன்னே ஓடும்போது தன் பின்னால் ஒரு கணம் வெற்றிடம் போன்ற ஒன்றை விட்டுச் செல்கிறது. ரயில் கடந்ததும் பிளாட்பாரத்துக் காகிதம் அதன் பின்னால் இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணத்தில் குழாயின் ஓட்டை மூச்சை உள்ளே இழுக்கும். அடுத்த துடிப்பில் வெளியே விடும். உள்ளே போன காற்றை சென்சார் பார்க்கிறது, ‘மிஞ்சுகிறது’ என்கிறது, கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றுகிறது. ஓட்டை போட்ட கணக்குக்கு இன்ஜின் பெட்ரோலைக் கட்டுகிறது. வேகம் கூடினால் புகையின் அளவும் அழுத்தமும் கூடும், உறிஞ்சப்படும் காற்றின் பங்கு குறையும். 22 ஆக இருந்தது 6 ஆனதற்கு அதுதான் காரணம்.

காற்று உள்ளே போகும் பக்கத்தில், இன்டேக் மேனிஃபோல்டில் ஓட்டை விழுந்தாலும் இதே கோடுதான் வரும். ஐடிலிங்கில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும்தான் காட்டும். இந்த இரண்டையும் பிரிப்பது கரி. இன்டேக்கில் ஓட்டை என்றால் காற்று உண்மையிலேயே கூடுதல். கம்ப்யூட்டர் ஊற்றும் பெட்ரோல் அதற்குச் சரியாகிவிடும். பிளக் சுத்தமாக இருக்கும், பின்னால் வாடை இருக்காது. புகைக்குழாயில் ஓட்டை என்றால் காற்று சிலிண்டருக்குள் போகவே இல்லை. ஊற்றிய பெட்ரோல் அத்தனையும் உபரி. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். நாலும் கருப்பு.

கூடுதல் எண்ணைக் கண்டதும் பதற வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 பொருந்தாத கணக்கு, சுமார் 13.5 கிலோ காற்றிலேயே அது முழுதாக எரிந்துவிடும். அதனால் நல்ல வண்டியிலும் கம்ப்யூட்டர் சில சதவீதம் கூட ஊற்றத்தான் செய்யும். 5 என்றால் விட்டுவிடலாம். 22 என்றால் விடக் கூடாது.

ஓட்டையைத் தேடினோம். முந்தைய கடையில் அடைத்த பின்பக்கத்து ஓட்டைக்கு இதில் பங்கே இல்லை. அது இரண்டு சென்சார்களையும் தாண்டிய இடம். சத்தம் போட்டது அதுதான், ஊரெல்லாம் கேட்டது அதுதான், ஆனால் சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. தேட வேண்டியது இன்ஜினுக்கும் முதல் சென்சாருக்கும் நடுவில், அரை முழத்துக்குள்.

மெக்கானிக் அன்று அதற்கு மேல் வண்டியைத் தொடவில்லை. “ராத்திரி இங்கயே நிக்கட்டும், காலைல சில்லுனு இருக்கும்போது பாக்கலாம்” என்றார். சூட்டில் உலோகம் விரியும், சின்ன ஓட்டை ஓரளவு தானே மூடிக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போதுதான் வாயைத் திறக்கும். மறுநாள் காலை ஆறரைக்கு ஸ்டார்ட் செய்ததும் முன் சீட்டுக்கு அடியிலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று, தையல் மிஷின் தூரத்தில் ஓடுவது போல ஒரு சத்தம். இரண்டு நிமிஷத்தில் மங்கிவிட்டது. இன்ஜினை அணைத்தார். சைலன்சர் வாயில் ஈரத்துணியைச் சுற்றி, ஷெட்டைக் கூட்டும் புளோயரின் மூக்கை அதில் செருகி, மெதுவாகக் காற்றடித்தார். பையன் கீழே படுத்து, பஞ்சர் கடைக்காரர் போலச் சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே போனான். மேனிஃபோல்டும் குழாயும் சேரும் ஃபிளாஞ்சில் நுரை பொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு போல்ட்டில் ஒன்றின் தலையே இல்லை, துருப்பிடித்து அறுந்திருந்தது. அந்தப் பக்கம் பேக்கிங் விலகி, ஃபிளாஞ்ச் ஓரத்தில் விரல் நீளத்துக்கு விசிறி போலக் கரிக் கோடு. அவ்வளவுதான் ஓட்டை. நகம் நுழையும் அளவுகூட இல்லை.

எட்டு வருஷத்தில் ஒரு போல்ட் ஏன் இப்படிக் கரைய வேண்டும்? கேளம்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஜன்னல் கம்பி, கேட் கீல், ஏ.சி. அவுட்டோர் யூனிட் எல்லாம் இங்கே சீக்கிரம் போகும். (2023 டிசம்பரில் பேருந்து நிலையம் திறந்த கிளாம்பாக்கம் வேறு, அது வண்டலூர் பக்கம். இது கடல் பக்கம்.) கோவளம் சாலையில் போனால் உப்பளப் பாத்திகள், பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் கடல்.

சமையலறையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. உப்பை வாரி எடுத்த பிறகு பாத்தியில் தங்கும் கசப்பு நீரில் நிறைந்திருப்பது அதுதான். அதற்கு 33 சதவீத ஈரமே போதும். நம் கடற்கரையில் காற்று அந்த அளவுக்கு வறள்வது அபூர்வம். ஆகவே இரும்பின் மேல் விழுந்த கடலுப்பு காய்ந்தது போலத் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று அதில் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். துருவுக்கு அந்தப் படலம் போதும். குளோரைடு அதோடு நிற்காமல், இரும்பையும் துருப்பிடிக்காத எஃகையும் காக்கிற மெல்லிய ஆக்சைடுத் தோலைத் துளைக்கும். புகைக்குழாய்களுக்குப் பரவலாகப் பயன்படும் 409 ரக எஃகில் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான். சமையலறைப் பாத்திரத்தின் எஃகு அல்ல அது.

இந்த வண்டிக்குக் கடல் காற்று மட்டுமா எதிரி? மீன் ட்ரேக்களில் போட்ட ஐஸ் உருகி, உப்பும் மீன் சாறும் கலந்து தளத்து இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டே வருகிறது. பிரேக் போடும்போதெல்லாம் முன்னோக்கி வழிகிறது. சூடான குழாயில் பட்டதும் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். மறுநாள் அதன் மேல் மறுபடியும். பாத்தியில் உப்பு விளைவது போலவே போல்ட்டின் மேலும் விளைந்திருக்கிறது.

வெளியே இப்படி என்றால் குழாய்க்கு உள்ளே வேறு கதை. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எல்லாம் தண்ணீராகத்தான் வெளியேற வேண்டும். காலையில் சைலன்சர் வாயில் சொட்டுவது அதுதான், பயப்பட ஒன்றுமில்லை. நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடாகி அத்தனையும் ஆவியாகப் போய்விடும். பக்கத்துத் தெருவுக்குப் போய் நிறுத்தி, மறுபடி எடுத்து, மறுபடி நிறுத்தினால், அந்தத் தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தேங்கும். பின்பக்கத்து ஓட்டை அப்படி உள்ளிருந்து வந்தது. கிழிந்த தகட்டை மெக்கானிக் காட்டினார். வெளிப்புறத்தில் பெயின்ட் இன்னும் இருந்தது, உட்புறம் அப்பளம் போல உதிர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி பிக்கப்புகளில் இன்ஜின் இருப்பது டிரைவர் சீட்டுக்கு அடியில். ஃபிளாஞ்ச் வழியாக வெளியேறும் புகை நேராகக் கேபினுக்கு வரும். அது கன்வர்ட்டரைப் பார்க்காத பச்சைப் புகை. அதிலும் பெட்ரோல் கூடிப்போன புகை. கார்பன் மோனாக்சைடு நிறைந்தது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். காலையில் மழைக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினால் தலை பாரமாக இருக்கிறது என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். தூக்கம் போதவில்லை என்று அவரே ஒரு காரணமும் வைத்திருந்தார். சந்தைக்கு முன்னால் இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டு கண்ணயர்வது நம் டிரைவர்களிடம் உள்ள பழக்கம். டிக் டிக் சத்தமும் தலைபாரமும் சேர்ந்து வந்தால் மைலேஜைப் பற்றி யோசிக்க வேண்டாம், கண்ணாடியை இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போங்கள்.

முந்தைய கடையில் கழற்றிய பழைய சென்சாரை வண்டிக்காரர் டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்தார். அதைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மெக்கானிக் அதை வைஸில் கடித்து நிறுத்தி, நாலு ஒயரில் வெள்ளை இரண்டையும் விட்டுவிட்டார். பல சென்சார்களில் அவை ஹீட்டருக்கு. கருப்பிலும் சாம்பல் நிறத்திலும் மல்டிமீட்டர். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, தீயின் உள் நீலத்தில் சென்சார் முனை நிற்கும்படி பிடித்தார். முதலில் ஒன்றுமில்லை. 0.02. 0.02. முனை மங்கிய சிவப்பாக மாறத் தொடங்கியதும் எண் நகர்ந்தது. 0.3, 0.6, 0.82. தீயின் உள்பகுதியில் ஆக்சிஜன் இல்லை. பீங்கான் அதைச் சொல்கிறது. டார்ச்சை விலக்கினார். ஒரு நொடிகூட ஆகவில்லை, எண் சரிந்து 0.1க்குக் கீழே போனது. மறுபடி தீ, மறுபடி 0.8. 1889ல் எழுதிய சமன்பாடு வண்டலூர் சாலை ஷெட் ஒன்றில் மீட்டரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை நான் ஐந்தாறு முறை பார்த்தேன். அலுக்கவே இல்லை. வண்டிக்காரர் எதுவும் பேசவில்லை. நல்ல சென்சாரைத்தான் கழற்றியிருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

ரிப்பேர் என்னவோ சின்ன வேலைதான். அறுந்த போல்ட்டைச் சூடு காட்டி எடுக்கவே பாதி நாள் போனது. புது ஸ்டட், புது பேக்கிங். பையன் ஆர்வத்தில் சிலிக்கான் டியூபை எடுத்துவிட்டான். பேக்கிங் மேல் ஒரு பூச்சுப் பூசினால் கச்சிதமாக உட்காரும் என்பது அவன் கணக்கு. மெக்கானிக் கையைத் தட்டிவிட்டார். சாதாரண சிலிக்கான் பசையிலிருந்து வரும் ஆவி எரிந்து, சென்சார் முனையில் கண்ணாடி போன்ற வெள்ளைப் படலமாகப் படியும். அதற்குப் பிறகு எந்தத் தீயைக் காட்டினாலும் அது பேசாது. ஒயர் கனெக்டரில் பச்சை பூத்திருந்ததை பிரஷ்ஷால் தேய்த்தார்கள். பாடி எர்த்தைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். முழு வீச்சே 1 வோல்ட்டுக்குள் இருக்கும் சிக்னலில், துருப்பிடித்த எர்த் 0.2 வோல்ட்டைத் தின்றால் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது வேறு செய்தி. ஒரு ஒயர் நைந்திருந்தது. அதை ஈயப்பற்று வைக்காமல் கிரிம்ப் செய்தார்கள். ஈயம் கம்பியோடு உள்ளே ஊறிப் போய், குமிழுக்குள் வெளிக்காற்று போகும் அந்த நூலிழை வழியை அடைத்துவிடும். கனெக்டருக்குள் கிரீஸ் திணிப்பதிலும் அதே ஆபத்து உண்டு.

வண்டிக்காரர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “கன்வர்ட்டர் உள்ள இருக்கறத தட்டி எடுத்துட்டா பிக்கப் வரும்னு ஒருத்தர் சொன்னாரு. செஞ்சிடலாமா?”

இது பரவலாக நடக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; மாசத் தவணை கட்டும் வண்டி அது. ஆனால் விளக்கிச் சொன்னேன். கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காது என்பது உண்மை. அது தானாக அடைவதில்லை. உபரிப் பெட்ரோல் உள்ளே போய் எரிந்து, தேன்கூட்டை உருக்கும்போதுதான் பெரும்பாலும் அடைகிறது. இவருடைய கன்வர்ட்டர் இன்னும் உருகவில்லை. ஓட்டையை இன்னும் சில மாசம் விட்டிருந்தால் உருகியிருக்கும். தட்டி எடுத்துவிட்டால் இரண்டாவது சென்சார் முதல் சென்சாரைப் போலவே ஊஞ்சலாடும், லைட் எரியும், புகைச் சோதனையில் தோற்கும். அதற்கெல்லாம் மேலாக, மார்க்கெட்டில் அந்த வண்டிக்குப் பின்னால் கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் தினமும் அந்தப் புகையைத்தான் மூச்சில் இழுப்பார்கள். “அவங்க நம்ம வண்டிக்குப் பின்னாடியேதான் சார் உக்காந்திருப்பாங்க” என்றார். அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கம்ப்யூட்டரின் பழைய கணக்கை அழித்து, வண்டலூர் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினோம். ஐடிலிங்கில் 22 ஆக இருந்தது 4. இரண்டாவது சென்சார் 0.6க்குப் பக்கத்தில் நிதானமாக நின்றது. முதல் சென்சார் ஆடிக்கொண்டிருந்தது. புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.1க்குக் கீழ்.

புது சென்சார் வண்டியிலேயே இருக்கட்டும், பழையதை ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மெக்கானிக். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர் போலப் பழைய ஹோஸ் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். மீன் தண்ணீர் சேரும் மூலையில் தளத்தில் ஒரு துளையிட்டு, ஹோஸைப் பொருத்தி, புகைக்குழாயிலிருந்து தள்ளி, பின்சக்கரத்துக்கும் அப்பால் தரையைப் பார்த்துத் தொங்கும்படி கிளிப் போட்டார். இடுக்குகளைத் தார் வைத்து அடைத்தார். வாரத்துக்கு ஒரு நாள் அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் அடிக்கச் சொன்னார். வெறும் தண்ணீர், சோப்பு வேண்டாம், வண்டி ஆறிய பிறகு.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் கோவளம் சாலையில் அந்த வண்டியைப் பார்த்தேன். சங்கராவோ கானாங்கெளுத்தியோ, ட்ரே நிறைய ஏற்றிக்கொண்டு போனது. கண்ணாடி இறங்கியிருந்தது. ஹோஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போய், சாலையில் ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி.